ஓன் பண்ணினதும் வாற பொடி எழுத்து: பூட்லோடர் திரைச் சிக்கல்கள், கேள்வி பதில்

வெளிநாட்டில் இருக்கிற உறவுக்காரர் கொண்டுவந்து தரும் லேப்டாப்பில் திரை அநேகமாக நல்ல தரமாக இருக்கும். 4கே, 2.8கே என்று பெட்டியில் எழுதியிருக்கும். படம் பார்க்கச் சோக்கு. அதிலே விண்டோஸோடு சேர்த்து லினக்ஸையும் போட்ட பிறகுதான் தலையிடி தொடங்கும். மெசின் எழும்பும்போது எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் அந்த முதல் பட்டியலை வாசிக்க ஏலாது. களுவாஞ்சிக்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் இதே கேள்வி வேறு வேறு வாயில் வருவதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

கட்டளைகளையெல்லாம் உச்சரிப்பில் தந்திருக்கிறேன். போனில் ஒருவர் வாசிக்க மற்றவர் தட்டுவதற்கு அதுதான் சுகம். மெசினில் அடிக்கும்போது எல்லாம் ஆங்கில எழுத்துத்தான். கிரப் என்பது ஜி, ஆர், யூ, பி.

மகன், கட்டாரிலிருந்து தம்பி கொண்டுவந்த லேப்டாப். ஓன் பண்ணினதும் வாற எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. ஸ்கிரீன் பழுதா?

பழுதில்லை அம்மா. கணக்குப் பார்த்தால் விளங்கும். லினக்ஸ் போட்ட மெசினில் அந்தப் பட்டியலைக் காட்டுவது பெரும்பாலும் கிரப் என்ற பூட்லோடர். அதன் வழக்கமான எழுத்துருவில் எழுத்தின் உயரம் 16 பிக்சல். பழைய 15.6 அங்குல லேப்டாப்பில் திரை 1366×768. அங்குலத்துக்கு 100 பிக்சல் வரும், ஆகவே 16 பிக்சல் என்றால் 4 மில்லிமீற்றர். 13.3 அங்குல 4கே திரையிலோ அங்குலத்துக்கு 331 பிக்சல். அதே 16 பிக்சல் அங்கே 1.2 மில்லிமீற்றர்தான். எழுத்துக்கு மேலும் கீழும் விடுகிற வெளியைக் கழித்தால் இன்னும் குறையும். 14 அங்குல 2880×1800 திரையில் 1.7 மில்லிமீற்றர்.

ஸ்கிரீன் உண்மையிலேயே பழுதென்றால் கோடு, கறை, துடிப்பு எல்லாம் விண்டோஸுக்குள் போன பிறகும் தெரியும். உள்ளே பளிச்சென்று இருந்து முதல் பட்டியல் மட்டும் பொடியாக இருந்தால், பனல் மாற்ற வேண்டும் என்று சொல்கிற கடைக்குக் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

உள்ளுக்குப் போனதும் எழுத்து தானாப் பெரிசாகுதே. முன்னுக்கு மட்டும் ஏன் இப்பிடி?

விண்டோஸும் லினக்ஸ் டெஸ்க்டொப்பும் திரையின் உண்மையான நீள அகலத்தைப் பனலிடமே கேட்டு அறிந்து, 150 வீதம், 200 வீதம் என்று எல்லாவற்றையும் பெருப்பித்து வரைகின்றன. பூட்லோடர் வேலை செய்யும் நேரத்தில் அந்த வசதி எதுவும் எழும்பியிருக்காது. கிராபிக்ஸ் டிரைவர் கூட இல்லை. மதர்போர்ட்டில் இருக்கும் யூஇஎஃப்ஐ என்ற மென்பொருள், ஜிஓபி என்கிற ஒரு வாசல் வழியாகத் திரையைக் கொடுக்கிறது. அந்த வாசலில் கேட்டால் அகலம் இத்தனை பிக்சல், உயரம் இத்தனை பிக்சல், நினைவகத்தில் இந்த இடத்தில் எழுது என்ற அளவில்தான் பதில் வரும். திரை 13 அங்குலமா 30 அங்குலமா என்பது அந்தப் பதிலில் இல்லை. பனலில் அந்தத் தகவல் இருந்தாலும் கிரப் அதைப் பார்த்து எழுத்தைப் பெருப்பிப்பதில்லை. 3840×2160 என்று சொன்னால் முழுவதையும் எடுத்து அதில் 16 பிக்சல் எழுத்தை எழுதிவிடும்.

காக்கா, அம்புக்குறியை அமத்தினா கோடு ஆறுதலாத்தான் நகருது. ஹார்ட் டிஸ்க் போயிட்டோ?

டிஸ்க்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. 4கே திரையில் 8,294,400 பிக்சல். ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்று பார்த்தால் ஒரு தடவை முழுத் திரையை நிரப்ப 33 மெகாபைட். டெஸ்க்டொப்பில் இந்த வேலையைக் கிராபிக்ஸ் சிப் செய்யும். கிரப்பில் சிபியூதான் ஒவ்வொரு பிக்சலாகத் தள்ள வேண்டும், அதுவும் வேகம் குறைந்த வழியாலே. பின்னணிப் படம் ஒன்றையும் சோடனையான தீம் ஒன்றையும் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

1024×768 என்று குறைத்தால் 786,432 பிக்சல், 3 மெகாபைட் சொச்சம். பத்தில் ஒரு பங்கிலும் குறைவான வேலை. விசை அமத்தியவுடனே கோடு பாயும்.

அப்ப எது நல்லது? எழுத்தைப் பெரிசாக்கிறதா, ரெசல்யூஷனைக் குறைக்கிறதா?

குறைக்கிறது. இணையத்தில் தேடினால் பெரிய எழுத்துரு செய்யும் வழிதான் முதலில் வரும். அதைச் செய்தால் எழுத்துத் தெரியும், ஆனால் மந்தம் அப்படியே இருக்கும், ஏனென்றால் 33 மெகாபைட்டும் போய்க்கொண்டேதான் இருக்கும். போதாததற்கு, கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் எழும்பவிடும் செக்யூர் பூட் என்ற காவல் குறுக்கே நிற்கும் (கீழே சொல்கிறேன்). ரெசல்யூஷனைக் குறைத்தால் ஒரே வரியில் இரண்டு பிரச்சினையும் தீரும். அந்த 13.3 அங்குலத் திரையில் 1024×768 போட்டு, அது திரை உயரம் முழுக்க விரிந்தால், எழுத்து ஏறத்தாழ மூன்றரை மில்லிமீற்றர் வரும். வெள்ளெழுத்து உள்ளவருக்கும் போதும்.

சில நொடி மட்டும் பார்க்கிற பட்டியலுக்கு 4கே அழகு எதற்கு என்பது என் கட்சி.

சரி, எப்பிடிக் குறைக்கிறது?

எழுதுவதற்கு முன்னால் உங்கள் மெசின் எந்த அளவுகளைத் தருகிறது என்று பாருங்கள். பலர் இதைத் தாண்டிப் போய்விட்டுப் பிறகு மாறவில்லை என்று வருகிறார்கள். கிரப் பட்டியல் தெரியும்போது சி என்ற விசையை அமத்துங்கள். கறுப்புப் பின்னணியில் கட்டளை வரி வரும். முதலில் செட் பேஜர்=1 என்று அடித்து என்டர். இல்லாவிட்டால் பட்டியல் மேலே ஓடிவிடும். பிறகு வீடியோஇன்ஃபோ என்று ஒரே சொல்லாக அடியுங்கள். 3840×2160, 1024×768, 800×600, 640×480 என்ற மாதிரி அளவுகள் வரும். சில மெசினில் நீளமான பட்டியல், சிலதில் இரண்டு மூன்றுதான். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்கேப் அமத்தினால் பழைய பட்டியலுக்கு வந்துவிடலாம்.

பிறகு லினக்ஸுக்குள் போய் டேர்மினலைத் திறந்து, இடிசி கோப்புறைக்குள் டிஃபோல்ட், அதற்குள் கிரப் என்ற கோப்பைச் சூடோ நானோ கொண்டு திறவுங்கள். கிரப்_ஜிஎஃப்எக்ஸ்மோட் என்று ஒரு வரி இருக்கும், எல்லாம் பேரெழுத்தில், நடுவில் அடிக்கோடு. உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகளில் அதன் முன்னால் ஒரு ஹேஷ் குறி நிற்கும். அந்தக் குறி நிற்கும் வரை அந்த வரி வெறும் குறிப்புத்தான். குறியை அழித்து, சமன் குறிக்குப் பிறகு 1280×800, 1024×768, ஓட்டோ என்று மூன்றையும் காற்புள்ளி மட்டும் போட்டு, இடைவெளி விடாமல் எழுதுங்கள். பெருக்கல் குறிக்குப் பதிலாக எக்ஸ் என்ற சிற்றெழுத்து. கிரப் முதலாவதை முயன்று பார்க்கும், அது கிடைக்காவிட்டால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் தன்பாட்டில் ஒன்றை எடுக்கும். இப்படி வரிசையாகக் கொடுத்தால் திரை கறுப்பாகிப்போகும் பயமில்லை.

சேமித்துவிட்டு, உபுண்டு, மின்ட், டெபியன் என்றால் சூடோ அப்டேட்-கிரப். பெடோராவில் கிரப்2-எம்கேகொன்ஃபிக், அதற்குப் பிறகு சிறிய ஓ என்ற தெரிவோடு, பூட் கோப்புறைக்குள் கிரப்2, அதற்குள் கிரப்.சிஎஃப்ஜி என்ற பாதை. பழைய குறிப்புகளில் இஎஃப்ஐ பகிர்வுக்குள் எழுதச் சொல்லியிருப்பார்கள். பெடோரா 34இலிருந்து அங்கே இருப்பது உண்மையான கோப்புக்கு வழிகாட்டும் சின்னத் துண்டு மட்டும். அதன் மேல் எழுதிவிடாதீர்கள்.

எல்லாம் சொன்ன மாதிரிச் செய்தன். ஒண்டும் மாறல்லை.

ஹேஷ் குறி இன்னும் நிற்கிறதா பாருங்கள். அப்டேட்-கிரப் ஓட்டினீர்களா? எழுதிய அளவு வீடியோஇன்ஃபோ காட்டியதில் இருந்ததா? கிரப்_டேர்மினல் என்ற வரியில் கொன்சோல் என்று இருந்தால் கிரப் கிராபிக்ஸ் பக்கமே போகாது, ரெசல்யூஷன் வரியும் செல்லாது.

இதெல்லாம் சரியென்றால், அந்த மெசினில் இரண்டு லினக்ஸ் இருக்கிறதா என்று யோசியுங்கள். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படிக்கிற பிள்ளைகளின் லேப்டாப்பில் உபுண்டுவும் காளியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். உபுண்டுவுக்குள் நின்று வரியை மாற்றியிருப்பார்கள், எழும்பும்போது வருவதோ காளியின் கிரப். எஃபிபூட்எம்ஜிஆர் என்று டேர்மினலில் அடித்தால் பூட்ஓர்டர் என்ற வரியில் எது முதலில் நிற்கிறது என்று தெரியும். அந்த இயங்குதளத்துக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும்.

குறைச்சதும் படம் அகலமா இழுபட்டு நிக்குது. இல்லாட்டி நடுவில ஒரு சின்னப் பெட்டிக்குள்ள மட்டும் வருது.

இழுபடுவது 4:3 அளவை 16:9 திரைக்கு விரிப்பதால். பட்டியலில் 1280×720, 1600×900, 1920×1080 ஏதும் இருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் இழுபட்டபடி விட்டுவிடுங்கள், வாசிக்க முடிகிறதுதானே.

நடுப்பெட்டி வேறு கதை. சில மெசின்களில் யூஇஎஃப்ஐ சிறிய அளவை விரிக்காமல், பிக்சலுக்குப் பிக்சல் அப்படியே நடுவில் வைத்துவிடும். மந்தம் போகும், எழுத்து பெரிதாகாது. அந்த மெசினுக்கு மட்டும் பெரிய எழுத்துருதான் வழி.

மெனுவில குறைச்சா உள்ளுக்கும் மங்கலாகிடாதா?

ஆகாது. லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் எழும்பியதும் இன்டெல், ஏஎம்டி டிரைவர் திரையைத் தன் கையில் எடுத்து முழு அளவுக்குக் கொண்டுபோய்விடும். மாறும் இடத்தில் திரை ஒரு தடவை சிமிட்டும், அவ்வளவுதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நோமோட்செட் என்ற சொல்லைப் போட்டு மெசினை ஓட்டிக்கொண்டிருந்தால் டிரைவர் தலையிடாது. கிரப் விட்டுப்போன 1024×768இலேயே டெஸ்க்டொப்பும் நிற்கும், அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தாலும் வேறு அளவு இராது. அப்போது பிழை கிரப்பில் இல்லை, அந்தச் சொல்லை எடுக்க வேண்டும்.

எனக்குப் பெரிய எழுத்துருதான் வேணும். செய்யலாமா?

செய்யலாம், ஆனால் முதலில் செக்யூர் பூட் நிலையைப் பாருங்கள். டேர்மினலில் மோக்யூட்டில் என்று அடித்து, இரட்டைக் கோடு போட்டு எஸ்பி-ஸ்டேட் என்று கொடுத்தால் இனேபிள்ட், டிஸேபிள்ட் என்று ஏதாவது ஒன்று வரும்.

டிஸேபிள்ட் என்றால் வழி சுலபம். கிரப்-எம்கேஃபொன்ட் என்ற கருவி, சாதாரண டிடிஎஃப் எழுத்துருவைக் கிரப் வாசிக்கும் பிஎஃப்2 வடிவத்துக்கு மாற்றித்தரும். டேஜாவூ சான்ஸ் மோனோ நல்ல தெரிவு, எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்பதால் பட்டியலின் கோடுகள் கோணாது. சிறிய எஸ் தெரிவுக்கு 32 அல்லது 36 கொடுத்து, சிறிய ஓ தெரிவால் பூட்டுக்குள் இருக்கும் கிரப் கோப்புறையில் சேமித்து, கிரப்_ஃபொன்ட் என்ற வரியில் அந்தப் பாதையை எழுதி அப்டேட்-கிரப் ஓட்டினால் முடிந்தது.

இனேபிள்ட் என்றால் இது பெரும்பாலும் பலிக்காது. 2022 நவம்பரில் கிரப் எழுத்துரு வாசிக்கும் பகுதியில் பாதுகாப்புத் துளைகள் வெளியாகின. சிவிஇ-2022-2601 என்ற பதிவெண் கொண்டது அவற்றில் ஒன்று. கோணலாகச் செய்த ஓர் எழுத்துருக் கோப்பைக் கொடுத்து, செக்யூர் பூட்டின் காவலைத் தாண்டும் நிலை. அதற்குப் பிறகு வந்த கிரப், செக்யூர் பூட் இயங்கும்போது உறுதிப்படுத்தப்படாத எழுத்துருவை ஏற்காது. உபுண்டு, பெடோரா போன்ற லினக்ஸ் விநியோகத்தைத் தயாரித்தவர் கையொப்பமிட்ட கிரப்புக்குள் எதை வைத்திருக்கிறாரோ அதுதான். நீங்கள் செய்தது சரியாக இருந்தாலும் பட்டியல் பழைய பொடி எழுத்திலேயே வரும். 2022க்கு முந்திய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்துவிட்டு எங்கே பிழைத்தது என்று தேடுகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

அப்ப செக்யூர் பூட்டை நிப்பாட்டிட்டாப் போச்சு?

கொஞ்சம் பொறுங்கள். விண்டோஸும் அதே மெசினில் இருந்தால் முதலில் பிட்லொக்கர் என்ற அதன் டிஸ்க் பூட்டைப் பார்க்க வேண்டும். புது லேப்டாப்புகளில் மைக்ரோசொஃப்ட் கணக்கொன்றால் உள்ளே போனதுமே டிஸ்க் குறியாக்கம் தானாக இயங்கத் தொடங்குவது உண்டு. பயன்படுத்துகிறவருக்கு அது தெரிந்தே இராது. செக்யூர் பூட்டை நிறுத்தினால் அடுத்த தடவை விண்டோஸ், 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கலாம்.

அந்தச் சாவி எங்கே இருக்கும்? மெசினை முதலில் யார் தன் கணக்கில் பதிந்தாரோ அவருடைய மைக்ரோசொஃப்ட் கணக்கில். கட்டாரில் மச்சான் தன் கணக்கைப் போட்டு ஆறு மாதம் பாவித்துவிட்டு ஏறாவூருக்கு அனுப்பிய மெசின் என்றால், சாவி மச்சானிடம். அவர் டியூட்டியில் நின்றால் போன் எடுக்க மாட்டார், பாஸ்வேர்டை மறந்திருந்தால் இன்னும் மோசம். ஆகவே பயோஸில் (யூஇஎஃப்ஐ அமைப்புத் திரையில்) கைவைக்க முன்னால் விண்டோஸுக்குள் போய், மீட்புச் சாவியை எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள், பிட்லொக்கரைத் தற்காலிகமாக நிறுத்தியும் வையுங்கள். பட்டியலின் எழுத்துக்காக மட்டும் என்றால் நான் செக்யூர் பூட்டைத் தொடவே மாட்டேன்.

பட்டியலே வருதில்லை. நேரே உபுண்டுவுக்குப் போகுது.

உபுண்டு தனியே இருந்தால் பட்டியலை மறைத்துவைப்பதுதான் வழக்கம். கோப்பில் கிரப்_டைம்அவுட்_ஸ்டைல் என்பதை மெனு என்றும், கிரப்_டைம்அவுட் என்பதை 10 என்றும் மாற்றி அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். அந்த நேரத்துக்கு மட்டும் வேண்டுமென்றால், கம்பெனியின் சின்னம் வந்து மறையும்போது எஸ்கேப்பை ஒரு தடவை தட்டுங்கள். ஒரே ஒரு தடவை. பதறிப்போய்ப் பல தடவை தட்டினால் பட்டியலையும் தாண்டிக் கிரப் என்று மட்டும் எழுதிய கறுப்புத் திரைக்குப் போய்விடும். போனாலும் மெசின் சாகவில்லை. நோர்மல் என்று அடித்து என்டர் தட்டி, உடனே இன்னொருக்கா எஸ்கேப் தட்டினால் பட்டியல் வரும்.

பட்டியல் வடிவா வருது. உபுண்டுவைத் தெரிஞ்சதும் கறுப்பு.

இது பூட்லோடரைத் தாண்டிய சங்கதி, பெரும்பாலும் என்விடியா கிராபிக்ஸ் சிப் உள்ள மெசின்களில் வரும். பட்டியலில் உபுண்டு வரியில் நின்றபடி ஈ என்ற விசையை அமத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசிக்குப் போய், ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் என்று சேர்த்து, எஃப்10 அமத்துங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான் இருக்கும், எதுவும் கெடாது. உள்ளே போனதும் சரியான டிரைவரைப் போடுங்கள். நோமோட்செட்டை நிரந்தரமாக எழுதிவைத்துக் காலம் தள்ளுவது சரியில்லை. மேலே சொன்ன மங்கல் டெஸ்க்டொப் அப்படித்தான் வருகிறது.

டிஸ்க்குக்குப் பாஸ்வேர்ட் போட்டிருக்கன். அது கேட்கிற எழுத்துத்தான் தெரியுதில்லை.

பாஸ்வேர்ட்டைக் கேட்பது யார் என்று பார்க்க வேண்டும். பட்டியலுக்குப் பிறகு, சின்னத்தோடு கூடிய பெட்டியில் கேட்டால் அது பிளிமத், லினக்ஸ் எழும்பும்போது அந்தச் சின்னத்தைக் காட்டும் மென்பொருள். இடிசிக்குள் பிளிமத் கோப்புறையில் பிளிமத்டி.கொன்ஃப் என்ற கோப்பில் டேமன் பகுதியின் கீழ் டிவைஸ்ஸ்கேல்=2 என்று எழுதி, கேர்னலோடு முதலில் ஏறும் கோப்புப் பொதியான இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்தால் பெரிதாகும். உபுண்டுவில் அதற்குக் கட்டளை அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், சிறிய யூ தெரிவோடு.

பட்டியல் வருவதற்கு முன்னாலேயே கேட்டால், பூட் கோப்புறையும் குறியாக்கத்துக்குள் இருக்கிறது, கேட்பது கிரப். உங்கள் அமைப்புக் கோப்பு, எழுத்துரு எல்லாமே பூட்டிய பெட்டிக்குள் கிடக்கின்றன. திறக்கும் வரை கிரப்பால் அவற்றை வாசிக்க ஏலாது. அந்த ஒரு வரியைப் பொடி எழுத்திலேயே சகித்துக்கொள்ள வேண்டியதுதான். தட்டும்போது திரையில் நட்சத்திரக் குறி கூட வராது, அதைப் பார்த்து விசைப்பலகை பழுதென்று நினைக்காதீர்கள்.

டெஸ்க்டொப் இல்லாத கறுப்பு டேர்மினலும் பொடியா இருக்கு.

டெபியன், உபுண்டுவில் சூடோ டிபிகேஜி-ரீகொன்ஃபிகர் கொன்சோல்-செட்டப் என்று ஓட்டி, டேர்மினஸ் எழுத்துருவும் 16×32 அளவும் தெரியுங்கள். 2019இல் வந்த 5.0 கேர்னலிலிருந்து இதே அளவில் ஒரு டேர்மினஸ் எழுத்துரு கேர்னலோடே சேர்க்கப்பட்டிருக்கிறது.

என்னட்டக் கிரப் இல்லை, சிஸ்டம்டி-பூட்.

உங்களுக்கு வேலை குறைவு. இஎஃப்ஐ பகிர்வில் லோடர் கோப்புறைக்குள் லோடர்.கொன்ஃப் இருக்கிறது. அதில் கொன்சோல்-மோட் என்று எழுதி, இடைவெளி விட்டு 0 போடுங்கள். 80 நிரல், 25 வரி என்ற பழைய அளவு அது, எழுத்து பெரிதாக வரும். 1 என்பது 80 நிரல், 50 வரி. ஓட்டோ, மேக்ஸ், கீப் என்றும் உண்டு. மேக்ஸ் போட்டால் திரும்பப் பொடி எழுத்துத்தான். புதிய பதிப்புகளில் பட்டியல் தெரியும்போதே சிறிய ஆர் விசையைத் தட்டித் தட்டி அளவுகளை மாற்றிப் பார்க்கலாம். கிரப்பிலும் இப்படி ஒரு விசை இருந்திருந்தால் இந்தக் கேள்விகளில் பாதி வந்தேயிராது.

ரீஃபைண்ட் என்ற இன்னொரு பட்டியல் மென்பொருளைப் பாவிக்கிறவர்கள் ரீஃபைண்ட்.கொன்ஃப் கோப்பில் ரெசல்யூஷன் என்று எழுதி 1024, 768 என்ற இரண்டு எண்ணையும் இடைவெளி விட்டுக் கொடுக்கலாம். படக்குறிகளைப் பெரிதாக்க பிக்_ஐகொன்_சைஸ் என்ற வரியும் உண்டு.

விண்டோஸ் மட்டும்தான். அதிலயும் முதல் திரை ஒரு மாதிரி.

நிர்வாகி உரிமையோடு கொமாண்ட் புரொம்ப்டைத் திறந்து பிசிடிஎடிட் கட்டளையால் குளோபல்செட்டிங்ஸில் ஹைஎஸ்ட்மோட் என்பதை ஓன் ஆக்கலாம். மங்கலாக இருப்பது கூர்மையாகும். நீல நிறப் பட்டியல் வேண்டாம், பழைய கறுப்புப் பட்டியல் போதும் என்றால் பூட்மெனுபொலிசி என்பதை லெகசி ஆக்குங்கள். இதற்கும் பிட்லொக்கர் எச்சரிக்கை பொருந்தும்.

பயோஸ் அமைப்புத் திரையே பொடி எழுத்து. அதையும் மாத்தலாமா?

அது தயாரிப்பாளர் எழுதியது, நாம் தொட ஏலாது. போன் கமெராவைத் திறந்து பெருப்பித்துப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பயோஸ் அப்டேட் பண்ணினால் சரிவரும் என்று சிலர் சொல்வார்கள். புதிய பதிப்பின் குறிப்பில் திரை பற்றி ஏதும் எழுதியிருந்தால் மட்டும் செய்யுங்கள். எங்கள் பக்கம் கரண்ட் சொல்லாமல் போகிறது. கிரப் கோப்பை எழுதும்போது கரண்ட் போனால் பற்றறி தாங்கும். பயோஸை எழுதும்போது பற்றறி செத்த பழைய லேப்டாப்பில் கரண்ட் போனால் மெசினே எழும்பாது. சார்ஜர் குத்தியிருக்க வேண்டும், பற்றறியும் நிறைந்திருக்க வேண்டும், இரண்டும்.

வகுப்பில புரொஜெக்டர் குத்தினா லேப்டாப்பில மெனு வருதில்லை.

பூட் நேரத்தில் எந்தத் திரைக்குப் படம் போகவேண்டும் என்பதை யூஇஎஃப்ஐ தீர்மானிக்கிறது. எச்டிஎம்ஐ வயரைக் கழற்றிவிட்டு ஓன் பண்ணி, உள்ளே போன பிறகு குத்துங்கள். பாடசாலைப் புரொஜெக்டர்களில் பல 1024×768 வகை. அதனால் மெனுவைப் புரொஜெக்டரிலேயே காட்ட வேண்டியிருந்தாலும் அந்த அளவு பிசகாது.

திரையைக் கழட்டிற வகை லேப்டாப். எழுத்து படுத்துக் கிடக்குது.

அந்தப் பனல் நட்டுவாக்கில் செய்யப்பட்டது, 1200×1920 என்ற மாதிரி. கேர்னல் எழும்பும்போது வரும் எழுத்தை நிமிர்த்த, கிரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ் வரியில் எஃப்பிகொன்=ரொட்டேட், முக்காற்புள்ளி, 1 என்று சேருங்கள். எதிர்ப்பக்கம் திரும்பினால் 1க்குப் பதில் 3. பட்டியலை வாசிக்க மட்டும் மெசினைத் திருப்பிப் பிடிக்கத்தான் வேண்டும்.

பிரான்சிலயிருந்து அக்கா அனுப்பின லேப்டாப். நோமோட்செட் எண்டு அடிச்சா நடுவில வேற எழுத்து வருது.

கிரப் விசைப்பலகையை அமெரிக்க ஒழுங்கில்தான் எடுக்கும். விசையின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பிரெஞ்சுப் பலகையில் எம் என்று எழுதிய விசை, எல்லுக்கு வலப்பக்கம் இருக்கிறது. கிரப்பில் அது அரைப்புள்ளி. எம் வேண்டுமென்றால் என்னுக்கு அடுத்த காற்புள்ளி விசையை அமத்துங்கள். ஏயும் க்யூவும் இடம் மாறும், இசட்டும் டபிள்யூவும் அப்படித்தான். நோமோட்செட் என்ற சொல்லில் எம் ஒன்றுதான் இடைஞ்சல், மற்ற எழுத்தெல்லாம் அச்சிட்ட இடத்திலேயே இருக்கின்றன. பட்டியலில் அமத்த வேண்டிய சியும் ஈயும் கூட மாறாது.

சுவிஸ், ஜெர்மனியிலிருந்து வந்தவற்றில் வையும் இசட்டும் மட்டும் இடம் மாறியிருக்கும். சமன் குறி எல்லாவற்றிலும் ஒரே இடம்தான்: மேல்வரிசையில் பூச்சியத்துக்கு வலப்பக்கம் இரண்டாவது விசை. வளைகுடாவிலிருந்து வந்தவற்றில் அரபு எழுத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஆங்கில எழுத்துகள் நாம் பழகிய இடத்திலேயே இருப்பதால் பார்த்தபடி அடிக்கலாம்.